1200 மீற்றர் எந்தப் பக்கம்? ஓர் எண் ஆயிடைக்குள் விழுகிறதா என்று கோடில் பார்ப்பது

இலங்கைத் தேயிலையை அது விளையும் உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள்: 600 மீற்றர் வரை லோ குரோன், அங்கிருந்து 1200 வரை மிட் குரோன், அதற்கு மேல் ஹை குரோன். வாயால் சொல்ல இது போதும். கோட் எழுதும்போது ஒரு கேள்வி முளைக்கும்: சரியாக 1200இல் இருக்கும் மலை எதில் சேரும்? இதற்கு விடை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

கீழ் எல்லையைச் சேர்த்து, மேல் எல்லையை விட்டுவிடுவது நல்ல வழக்கம். பைதனில்:

600 <= உயரம் < 1200

(பைதன் 3இல் மாறிக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம், இந்த வரி அப்படியே ஓடும்.) ஓர் ஆயிடை (இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட பகுதி) முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குவதால் நடுவில் ஓட்டை விழாது. "600 முதல் 1199 வரை", "1200 முதல் மேலே" என்று பிரித்திருந்தால், ஜிபிஎஸ் 1199.6 என்று காட்டும் மலைக்கு வகுப்பே கிடைக்காது.

இதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் போடாதீர்கள். பிழை காட்டாமல் ஓடும், அதுதான் வம்பு. முதலில் 600 <= உயரம் என்பதற்கு உண்மை அல்லது பொய் என்று விடை வரும்; அது 1 அல்லது 0 ஆக மாறி 1200உடன் ஒப்பிடப்படும். இரண்டுமே 1200ஐ விடச் சிறியவை. ஆகவே 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவும் மிட் குரோன் ஆகிவிடும். சீ மொழியிலும் இதே கதைதான். ஜாவா கம்பைல் செய்யவே மறுக்கும். அது நமக்கு நல்லது. எழுத வேண்டியது (&& என்றால் இரண்டும் உண்மையாக வேண்டும்):

600 <= உயரம் && உயரம் < 1200

ஆயிடைக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்க (|| என்றால் ஏதாவது ஒன்று உண்மையானால் போதும்):

உயரம் < 600 || உயரம் >= 1200

இங்கே தவறி && போட்டால் எந்த எண்ணும் சிக்காது. உள்ளே பார்க்கும் வரியில் || போட்டால் எல்லா எண்ணும் தேறும்.

தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் தரும் 'பிட்வீன்' இரு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு ஆயிடைகளுக்கு அதைப் பயன்படுத்தினால் 1200 இரண்டு தடவை எண்ணப்படும். படிவத்திலிருந்து வரும் பெறுமதியை முதலில் எண்ணாக மாற்றுங்கள். இரு பக்கமும் எழுத்துச்சரமாக (எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாக) இருந்தால் '1868' < '600' என்பது உண்மையாகிவிடும், ஏனெனில் முதல் எழுத்தான 1, 6க்கு முன்னால் வருகிறது.

அலகுச் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. பட்டிப்பொல ரயில் பாதை உச்சியின் 6226 அடியை மீற்றர் என்று நினைத்து உள்ளே விட்டாலும் ஹை குரோன் என்றே வரும். விடை சரி, காரணம் பிழை. எனவே வகுப்புப் பார்க்கும் முன் வெளி வேலி ஒன்று போடுங்கள்:

0 <= உயரம் <= 2524

2524 மீற்றர், நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலையின் உயரம். சிகரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதால் இங்கே மட்டும் மேல் எல்லை உள்ளே வருகிறது. 6226 வேலியில் மாட்டும். 2400 அடி மாட்டாது. அதற்கு அலகைத் தனிக் கட்டத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டிப் பார்க்க நடு எண்கள் உதவாது. 599.9, 600, 1199.6, 1200, 2524, 2524.1 ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள்.