பழைய மந்திர நூலை எப்படிப் படிப்பது? ஒரு புரூஃப்காரியின் முறை

28 வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். அந்தப் பழக்கத்தைக் கண் இன்னும் விடவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஐரோப்பாவின் பழைய மந்திர நூல்களைப் படிக்க உட்கார்ந்தபோது அதுதான் எனக்குக் கைகொடுத்தது. இவற்றைக் 'கிரிமுவார்' என்பார்கள். இலக்கணத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். லத்தீன் அறியாதவருக்கு இலக்கண நூலும் மந்திர நூலும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். நானும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன். ஆனால் கையெழுத்துப் பிரதியின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். பெரிய நூலகங்கள் பல பிரதிகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன.

முதலில் தலைப்புப் பக்கத்தை நம்பாதீர்கள். 'சாலமோனின் திறவுகோல்' அந்த அரசர் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும். கிடைத்திருக்கும் லத்தீன், இத்தாலியப் பிரதிகளோ 15ஆம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. 'கிரிமோரியம் வேரும்' என்ற நூலில் 1517, மெம்ஃபிஸ் என்று அச்சிட்டிருக்கும். அது உண்மையில் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அந்த 1517ஐ நான் சில மாதங்கள் நம்பியிருந்தேன். அப்புறம்தான், நூலகப் பட்டியலில் பிரதியின் நூற்றாண்டைப் பார்த்து முதல் வரியிலேயே குறித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு வந்தது.

அடுத்து எண்களுக்கு வாருங்கள். மொழி தெரியாதவரும் சரிபார்க்கக்கூடிய இடம் அதுதான், எனக்கு மிகவும் பிடித்த இடமும் கூட. 1533இல் முழுமையாக அச்சான, ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பாவின் மந்திர நூலில் ஏழு கிரகங்களுக்கும் ஏழு மாயச் சதுரங்கள் உண்டு. சனிக்கு மூன்றுக்கு மூன்று: 4 9 2, 3 5 7, 8 1 6. நேராக, மேலிருந்து கீழாக, குறுக்காக, எப்படிக் கூட்டினாலும் 15. இந்தக் கூட்டுத்தொகை வியாழனுக்கு 34, செவ்வாய்க்கு 65, சூரியனுக்கு 111, வெள்ளிக்கு 175, புதனுக்கு 260, சந்திரனுக்கு 369. இந்தச் சதுரங்களைப் பின்னால் வந்தவர்கள் கையால் பிரதி எடுத்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு வரிசையையும் நிரலையும் கூட்டிப் பாருங்கள். ஒரு வரிசையும் ஒரு நிரலும் ஒரே அளவு பிசகினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்தான் பிழை. பிசகு 9, 18, 27 என்று வந்தால் 36ஐ 63 என்பதுபோல இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். 6 என்று வந்தால் 1ஐயும் 7ஐயும் குழப்பிக்கொண்டாரா என்று பாருங்கள்.

பிழையைப் பிடித்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தில் வேறு மையில் யாராவது திருத்தியிருக்கிறார்களா? திருத்தியிருந்தால் பிறகு ஒருவர் அந்தச் சதுரத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார், அதைத் தகட்டில் பொறிக்க நினைத்திருக்கலாம். திருத்தமே இல்லாமல் தாளும் சுத்தமாக இருந்தால், அது அலமாரியில் இருந்த பிரதி என்று ஊகிப்பேன்.

ஒவ்வொரு கிரகமும் ஆளும் நேரத்தைச் சொல்லும் ஓரைப் பட்டியலும் இப்படித்தான். ஓரை பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பிரிப்பார்கள். ஞாயிறு முதல் ஓரை சூரியன், பிறகு வெள்ளி, புதன், சந்திரன், சனி, வியாழன், செவ்வாய், மறுபடி சூரியன். இப்படியே எண்ணினால் 25ஆவதாகச் சந்திரன் வரும், அது திங்கட்கிழமையின் முதல் ஓரை. பட்டியல் அப்படி இணையாவிட்டால் நடுவில் எழுதுபவர் ஒரு வரி தாண்டிவிட்டார். எந்தக் கருவியை எந்த ஓரையில் செய்வது என்று இந்த நூல்கள் கறாராகச் சொல்வதால், அந்த ஒரு வரி பயன்படுத்துபவரின் வேலையையே மாற்றிவிடும்.

முடிந்தால் இரண்டு பிரதிகளை ஒப்பிடுங்கள். 'ஆப்ரமெலின்' என்ற மந்திர நூலின் பிரெஞ்சுப் பிரதியை, மேதர்ஸ் என்ற ஆங்கிலேய மாந்திரீகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் விரதம் ஆறு மாதம். ஜெர்மன் பிரதிகளில் அதுவே பதினெட்டு மாதம்! ஒரு பிரதியை மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

யார், எதற்காக எழுதினார் என்றும் கேளுங்கள். சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொல்வதை எதிர்த்த மருத்துவர் யோஹான் வையர் 1577இல் 69 பேய்களின் பட்டியலை அச்சிட்டார், அந்த மடமையை அம்பலப்படுத்த. 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயரும் அதே நோக்கத்தோடு அதை ஆங்கிலத்தில் தந்தார். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பட்டியலே 72 பேராக வளர்ந்து 'கோயேட்டியா' என்ற மந்திரக் கையேடாகிவிட்டது. வையரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

புரியாத பக்கத்தை உளறல் என்று தள்ளாதீர்கள். டிரித்தேமியுஸ் என்ற ஜெர்மானிய மடாதிபதி எழுதி 1606இல் அச்சான 'ஸ்டெகனோகிராஃபியா' ஆவிகளை அழைக்கும் நூல் போலவே இருக்கும். முதல் இரண்டு பாகங்கள் ரகசிய எழுத்து முறை என்பது முன்பே தெரியும். மூன்றாம் பாகத்தின் எண்களும் சங்கேதம்தான் என்பது 1990களில்தான் அவிழ்ந்தது.

மருந்து, தூபக் குறிப்புகளை மட்டும் செய்து பார்க்க வேண்டாம். சிலவற்றில் கொடிய நச்சுச் செடிகள் உண்டு. தவிர, பெயர்களே பரிபாஷையாக, அதாவது மறைபெயர்களாக, இருக்கலாம். நெதர்லாந்தின் லெய்டனில் உள்ள எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்றில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதலைச் சாணம் என்றால் எத்தியோப்பிய மண், பாம்பின் ரத்தம் என்றால் ஹெமடைட் என்ற இரும்புத்தாதுக் கல், குரங்கின் கண்ணீர் என்றால் சதகுப்பைச் சாறு. அதே பட்டியலில் குழிமுசலின் ரத்தம் என்ற இடத்தில் மட்டும், 'உண்மையிலேயே குழிமுசலின் ரத்தம்' என்று அதை எழுதியவர் எழுதி வைத்திருக்கிறார்.