பழைய வரைபடம் சேகரிக்க: படத்துக்கு முன்னால் தகட்டைப் பாருங்கள்

பழைய வரைபடம் என்றதும் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கா என்ற பெயரை முதன்முதலில் தாங்கிவந்த வால்ட்ஸீமுல்லரின் 1507ஆம் வருட உலகப் படத்தை அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் 2003இல் ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. இந்த மாதிரி செய்திகள்தான் காதில் விழுகின்றன. ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டில் அச்சான அசல் தாள்கள் லண்டன், பாரிஸ் கடைகளில் 50 முதல் 150 பவுண்டுக்குள்ளேயே நிறைய கிடைக்கின்றன. காரணம், அந்தக் காலத்திலும் இவை ஒற்றைப் பிரதிகளாக வந்தவை அல்ல. செப்புத் தகட்டில் செதுக்கி, நூற்றுக்கணக்கில் அச்சடித்து, புத்தகத்தில் வைத்துத் தைத்து விற்றார்கள். பின்னால் யாரோ புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்றதால் நம் கைக்கு வருகின்றன.

ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு தகட்டின் ஓர் அச்சை. அந்தத் தகடு யார் கையில் பிறந்தது, யாரிடம் விலைபோனது, எப்போது திருத்தப்பட்டது என்று படிக்கத் தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது சரடு என்று நீங்களே பிரித்துவிடலாம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் படி: சின்ன வட்டமாகப் போடுங்கள்

'உலகப் படம் எல்லாம் சேர்ப்பேன்' என்று இறங்கினால் பணமும் தீரும், ஆர்வமும் தீரும். ஓர் ஊர், ஒரு கடற்கரை, ஒரு வரைபடக்காரர் என்று எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிலர் ஒரே ஒரு தவறை மட்டும் சேகரிக்கிறார்கள். கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டும் படங்கள் 1620களில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் 1747இல் ஸ்பெயின் அரசர் 'அது தீவு அல்ல' என்று ஆணையே போட வேண்டியிருந்தது. அதற்கென்றே பெரிய சேகரிப்பாளர் கூட்டம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், காலால் நடந்த இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சோழமண்டலக் கரை தெரிந்தவருக்கு ஐரோப்பியப் படத்தில் நெகபட்டன், ட்ராங்கெபார், பாலியகாட் என்று பார்த்ததும் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பழவேற்காடு என்று புரிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு டச்சுப் படங்கள் இன்னும் வேடிக்கை. நெடுந்தீவு டெல்ஃப்ட், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க் என்று சொந்த நாட்டு ஊர்களின் பெயரையே சூட்டிவிட்டார்கள். எங்கே ஆறு தவறாகத் திரும்புகிறது, எந்த ஊர் இடம் மாறி நிற்கிறது என்பது அந்த மண் தெரிந்தவர் கண்ணில்தான் முதலில் படும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் பார்த்துப் பழகுங்கள்

இதற்குச் செலவே இல்லை. டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா, அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஆகிய மூன்றின் தளங்களிலும் படங்களைச் செதுக்கிய கோடு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே படத்தின் இரண்டு மூன்று பிரதிகளைத் தேடி அருகருகே வைத்து வித்தியாசம் பாருங்கள். அளவையும் கவனியுங்கள். திரையில் பிரமாண்டமாகத் தெரியும் படம் கையில் வரும்போது ஏ4 தாளை ஒட்டிய அளவில்தான் இருக்கலாம்.

மூன்றாம் படி: ஆட்களை அறிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பெயரும் வேண்டாம், சில குடும்பங்களின் கதை தெரிந்தால் போதும்.

ஆண்ட்வெர்ப்பில் ஆபிரகாம் ஒர்டேலியஸ் 1570இல் 53 தாள்களில் ஒரே அளவில் வரைபடங்களைத் தொகுத்து வெளியிட்டார். நவீன அட்லஸ் என்று சொல்லத்தக்க முதல் நூல் அதுதான். இந்தப் படத்தை இன்னாரிடமிருந்து எடுத்தேன் என்று பெயர்ப் பட்டியலே போட்ட நேர்மையாளர். அவருடைய நண்பர் மெர்கேட்டர், இவரும் வரைபடக்காரர்தான். இந்த மெர்கேட்டரின் தகடுகள்தான் நமக்கு நல்ல பாடம்.

மெர்கேட்டர் 1594இல் இறந்துவிட்டார். 1604இல் அவருடைய தகடுகளை யோடோகஸ் ஹோண்டியஸ் வாங்கி, புதுப் படங்கள் சேர்த்து 1606இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அதே ஊரில் வில்லெம் பிளாவ் என்று ஒருவர். வானியலாளர் டீகோ பிராஹேயிடம் பாடம் படித்தவர், பின்னாளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரைபட அதிகாரி. ஹோண்டியஸின் மகன் 1629இல் இறந்ததும் பிளாவ் முந்திக்கொண்டு சுமார் நாற்பது தகடுகளை வாங்கினார். ஹோண்டியஸ் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்து மறு வருடமே விற்பனைக்கு விட்டார். ஹோண்டியஸ் குடும்பம் சும்மா இருக்குமா? இன்னொரு மகன் ஹென்ரிகஸும் மருமகன் யான்சோனியஸும் சேர்ந்து அதே படங்களைப் புதுத் தகட்டில் செதுக்கவைத்தார்கள். ஆகவே அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படங்களில் ஒன்றில் பிளாவ் பெயரும் இன்னொன்றில் யான்சோனியஸ் பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், அது ஒரு குடும்பச் சண்டையின் மிச்சம்.

பிளாவின் மகன் யோவான் 1662இல் 11 தொகுதிகளில் சுமார் 600 படங்களோடு பேரட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பத்தே வருடத்தில், 1672 பிப்ரவரியில், அச்சகம் தீப்பிடித்தது. தகடுகள் நிறைய உருகிப்போயின. மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். தப்பியவை ஏலத்தில் போய், வாங்கிய ஒவ்வொருவர் பெயரிலும் மறுபடி அச்சாயின.

இந்தியப் படங்களில் ஆர்வம் என்றால் இரண்டு பேரை மறக்காதீர்கள். பாரிஸில் இருந்த தான்வில், பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்காக 1752இல் இந்தியப் படம் செய்தவர். தகவல் இல்லாத இடத்தைக் கற்பனை மலையால் நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டார். அந்த வெள்ளை இடங்களுக்காகவே அவர் படம் எனக்குப் பிடிக்கும். அடுத்தவர் ஜேம்ஸ் ரென்னல், வங்காளத்தில் சர்வேயர் ஜெனரலாக இருந்து, 1782இல் 'ஹிந்துஸ்தான்' படத்தை வெளியிட்டவர். அதன் தலைப்புச் சித்திரத்தில் பிராமணர்கள், பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா தேவியிடம் சுவடிகளை நீட்டுகிறார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆரம்பத்தில் வாங்க ஏற்றவர் இவர்கள் யாரும் இல்லை. பிரெஞ்சுக் கடற்படையின் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்த ழாக்-நிக்கோலா பெலின் என்பவரைச் சொல்வேன் (1703–1772). பயணத் தொகுப்பு நூல்களுக்காக அவர் செய்த சிறிய படங்கள் துல்லியமானவை, அழகானவை, விலையும் மலிவு.

நான்காம் படி: ஒரு தாளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

பெலினின் மெட்ராஸ் படம் ஒன்று இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். தலைப்பே ஒரு போர்ச் செய்தி. '1746 செப்டம்பர் 21 அன்று, மாஹே தெ லா பூர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுக்காரர் பிடித்த மெட்ராஸும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும்' என்ற பொருளில் பிரெஞ்சில் இருக்கும். ஆங்கிலேய வரலாற்று நூல்களில் பார்த்தால் அதே நிகழ்ச்சி செப்டம்பர் 10 என்று இருக்கும். இரண்டும் சரிதான். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்ததால் 11 நாள் பின்தங்கியிருந்தது. 1748 ஒப்பந்தத்தின்படி மெட்ராஸ் மறு வருடம் ஆங்கிலேயரிடமே திரும்பிப் போய்விட்டது. தலைப்பில் மட்டும் பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை.

தலைப்பு முடிந்ததா, இப்போது ஓரங்களுக்கு வாருங்கள். இந்த வகைப் படங்களின் மேல் மூலையில் பொடியாகத் தொகுதி எண், பக்க எண் இருக்கும். பைண்டர் எந்த இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. நமக்கோ அது எந்தப் புத்தகத்திலிருந்து பிரிந்த தாள் என்பதற்கான துப்பு. கீழே ஓரத்தில் பெயர்கள். பெயருக்குப் பின்னால் 'டெல்' (del.) என்று இருந்தால் வரைந்தவர், 'ஸ்கல்ப்' (sculp.) அல்லது 'எஸ்சி' (sc.) என்றால் தகட்டில் செதுக்கியவர், 'எக்ஸ்க்' (exc.) என்றால் வெளியிட்டவர். பெலின் படங்கள் பலவற்றுக்கு டச்சு, ஜெர்மன் பதிப்புகளும் உண்டு. தலைப்பு பிரெஞ்சிலும் டச்சிலும் சேர்ந்து வந்து, கீழே வான் டெர் ஸ்க்லே என்ற செதுக்குநரின் பெயர் இருந்தால் அது ஹேக் நகரத்துப் பதிப்பு. 'பெலின் படம்' என்று விற்கிறவர் இதைச் சொல்லாமல் விடலாம். மோசடி ஒன்றும் இல்லை, ஆனாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

இங்கே முக்கியமான ஒன்று: தாளில் உள்ள வருடம் தாளின் வருடம் ஆகாது. தகட்டில் ஒருமுறை பொறித்த வருடம் எத்தனை முறை அச்சடித்தாலும் கூடவே வரும். இங்கிலாந்தில் தையல்காரராக இருந்து வரைபடத்துக்கு வந்த ஜான் ஸ்பீடின் மாவட்டப் படங்களில் 1610 என்று இருக்கும். வெளியீட்டாளர் பெயர் சட்பரி, ஹம்பிள் என்று இருந்தால் முற்காலப் பதிப்பு. பாசெட், சிஸ்வெல் என்று இருந்தால் அதே தகடு, ஆனால் தாள் 1676ஆம் வருடத்தது. விலை வித்தியாசம் கணிசமாக இருக்கும்.

ஐந்தாம் படி: அசலா என்று சோதியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது நவீன ஆப்செட் அச்சு, மேற்கொண்டு பார்க்க வேண்டாம். செப்புத் தகட்டு அச்சில் கோடு முழுதாக ஓடி, முனையில் கூர்மையாக முடியும். மை தாளில் லேசாக மேடிட்டு நிற்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் செவ்வகமாகத் தெரியும். விரலால் வருடினாலே தட்டுப்படும். மரக்கட்டை அச்சில் இந்தத் தடம் இருக்காது, கோடும் தடியாக இருக்கும். லித்தோ அச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு, வழவழவென்று தட்டையாக இருக்கும். லித்தோ 1796இல்தான் வந்தது என்பதால், 1700 என்று சொல்லி லித்தோவை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். 18ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் பெரும்பாலும் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி விட்ட கோடுகளும் தெரியும். கையால் தாள் செய்த கம்பிச் சட்டத்தின் அடையாளம் அது. சில தாள்களில் நீர்க்குறியும் (வெளிச்சத்தில் மட்டும் தெரியும், தாள் செய்தவரின் அடையாளம்) இருக்கும். கோடு இல்லாத சீரான தாள் 1750களில் இங்கிலாந்தில் தொடங்கி அடுத்த நூற்றாண்டில்தான் பரவலானது. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒர்டேலியஸ், பிளாவ் படங்களின் முதுகில் விளக்க உரை அச்சாகியிருக்கும். அது லத்தீனா, டச்சா, பிரெஞ்சா என்பதை வைத்தே எந்தப் பதிப்பு என்று நெருங்கிவிடலாம்.

நடுவே ஒரு மடிப்பு இருந்தால் பயப்படாதீர்கள். அட்லஸிலிருந்து வந்த இரட்டைப் பக்கத் தாளுக்கு மடிப்பு இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: வண்ணமும் வயதும்

செப்புத் தகட்டு அச்சு பெரும்பாலும் கறுப்புதான், வண்ணம் கையால் தீட்டியது. அந்தக் காலத்திலேயே தீட்டியதா, சென்ற மாதம் தீட்டியதா என்பதில்தான் விஷயம். பழைய பச்சை நிறத்தைச் செம்பிலிருந்து செய்தார்கள், அது மெல்லத் தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். முன்பக்கம் பளிச்சென்ற பச்சை இருந்து, பின்பக்கம் சுத்தமாக இருந்தால் புது வண்ணமாக இருக்கலாம். பெலின் மாதிரி புத்தகப் படங்கள் பெரும்பாலும் வண்ணமில்லாமலே வந்தவை. வண்ணம் பூசியதற்காகக் கூடுதல் விலை கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

பழுப்புப் புள்ளி, சின்னக் கிழிசல், பூச்சி ஓட்டை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். படத்துக்குள் வரை வெட்டிய விளிம்பும், செல்லோடேப் ஒட்டிய பின்பக்கமும் வேண்டாம்.

ஏழாம் படி: வாங்குவது

விற்பவரிடம் பின்பக்கப் படம், வெளிச்சத்தில் பிடித்த படம் இரண்டையும் கேளுங்கள். 'அசல் என்று எழுத்தில் தருவீர்களா, இல்லை என்றால் பணம் திரும்புமா' என்றும் கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் முக்கியம். 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வரைபட வியாபாரி பிடிபட்டார். கீழே விழுந்த பிளேடை ஊழியர் ஒருவர் கவனித்ததுதான் காரணம். பல நூலகங்களிலிருந்து 97 படங்களைத் திருடியதை அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அழித்த நூலக முத்திரையின் தடம், ஓரத்தில் புதிதாக வெட்டிய அடையாளம் இருந்தால் விலகிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்தியாவுக்குள் இருக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்குப் பரிசாக அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் விசாரித்துவிடுங்கள்.

கடைசிப் படி: வைத்துக் காப்பது

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் முதல் எதிரி. அமிலமில்லாத அட்டை உறையில், மடிக்காமல், படுக்கவைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. வாங்கிய தேதி, விலை, விற்றவர் பெயர் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி உறையோடு வையுங்கள், படத்தின் மேல் எழுத வேண்டாம்.

சுவரில் மாட்ட ஆசை இருந்தால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைக்க வேண்டும். பிரேம் கடையில் வழக்கமாகப் படத்தை அட்டையில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒட்ட வேண்டாம் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும், ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிட்டால் போதும், வேண்டும்போது ஈரப்படுத்தி எடுத்துவிடலாம். அவருக்குப் பழக்கமில்லை என்றால் அந்த வேலையை வீட்டிலேயே செய்துவிட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும் அவரிடம் போடச் சொல்லுங்கள்.