காட்டர் பின்னோடு இரண்டு நாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் 900 ரூபாய்க்குக் கிடைத்தது அந்த ஹெர்குலஸ் சைக்கிள். ராடு பிரேக், 28 அங்குலச் சக்கரம், ஹேண்டில்பார் முழுக்கத் துரு. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

கழுவுவது, பழைய கிரீஸைச் சுரண்டுவது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. மாட்டிக்கொண்டது பெடல் மாட்டும் இரும்புக் கையான கிராங்கில்தான். அதை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் அசையவே இல்லை. அவசரப்பட்டு நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். மரை நசுங்கி, காட்டர் பின் வளைந்ததுதான் மிச்சம். அப்புறம் லேத் பட்டறையில் துளைபோட்டு எடுத்தார்கள். அடுத்த பக்கம் புத்தி வந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டைப் பின்னின் முனை மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் தடித்த இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து ஓங்கி ஒரே அடி. வந்துவிட்டது!

உள்ளே அச்சைச் சுற்றியிருக்கும் பேரிங் பால்ஸ் எல்லாம் குழிவிழுந்திருந்தன. பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ஸ் புதிதாகப் போட்டேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில்தான் கழலும். இது தெரியாமல் பலர் கிராங்கைக் கெடுத்துவிடுகிறார்கள். ஹேண்டில்பார் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததே போதும்.

இப்போது அஸ்தம்பட்டி வரை தினமும் ஓட்டுகிறேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் எண்ணம் மட்டும் இல்லை. ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது.