'தி டிவிஷன் பெல்' பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 1994-இல் வந்த 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தில் வந்து நிற்கும். "ரோஜர் வாட்டர்ஸ் இல்லாமல் அது பிங்க் ஃபிளாய்டே இல்லை" என்பார் ஒருவர். "கடைசிப் பாட்டு 'ஹை ஹோப்ஸ்' கேட்ட பிறகுமா இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார் இன்னொருவர். முப்பது வருடமாக இதே வாதம் நடக்கிறது. வாதம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் மணிக்கணக்கில் செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு தரப்பும், முன்பு குழுவுக்குப் பாட்டெழுதிய வாட்டர்ஸ் என்ற, ஆல்பத்தில் இல்லாத மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. அதில் இருக்கும் ஒருவர், கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ரிச்சர்ட் ரைட், அந்தப் பேச்சில் வருவதே இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றிய பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

1987-ஐயும் 1994-ஐயும் ஒன்றாகக் கட்டுவது

"வாட்டர்ஸ் போன பிறகு வந்த இரண்டு ஆல்பங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் உருவான விதமோ முற்றிலும் வேறு.

வாட்டர்ஸ் 1985-இல் விலகினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு, வக்கீல், பேட்டிகளில் வசைமாரி. இத்தனைக்கும் நடுவில் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோர் 1987-இல் 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்தை முடித்தார். அதில் குழுவின் டிரம்மர் நிக் மேசன் வாசிக்க வேண்டிய பல இடங்களில் வெளியிலிருந்து வந்த டிரம்மர்கள் வாசித்தார்கள், டிரம் மெஷினும் ஓடியது. ரைட் வந்து சேர்ந்தபோது வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அந்தக் குறை குழுவுக்கே தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி பின்னால் வந்தது. 2019-இல் அதே ஆல்பத்தை மறுபடி கலவை செய்தபோது ரைட்டின் கீபோர்டைக் கூட்டி, மேசனைப் புதிதாக டிரம்ஸ் வாசிக்க வைத்தார்கள்.

'தி டிவிஷன் பெல்' தொடங்கிய விதமே வேறு. 1993 ஜனவரியில், லண்டனில் இருந்த பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில், கில்மோர், ரைட், மேசன் மூவரும் உட்கார்ந்து மனம்போன போக்கில் வாசித்தார்கள். கையில் பாட்டு இல்லை, வரி இல்லை. பேஸ் கிட்டார் வாசிக்க, கை பிராட் என்ற கலைஞர் வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்தில் 65 இசைத் துண்டுகள் தேறின. பிறகு தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு ஸ்டுடியோவான 'அஸ்டோரியா'வில் அவற்றைச் செதுக்கினார்கள். எதை வைத்துக்கொள்வது என்று மூவரும் மதிப்பெண் போட்டபோது, ரைட் தன் மெட்டுகளுக்கு எல்லாம் முழு மதிப்பெண்ணும் மற்றவற்றுக்குப் பூஜ்ஜியமும் போட்டதாக மேசன் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பவத்தை நான் அன்போடுதான் நினைத்துக்கொள்கிறேன். தன் இசை எங்கே உதறப்படுமோ என்ற பயம் அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது. அது நியாயமான பயம்.

ரைட்டைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள 1979-க்குப் போக வேண்டும். 'தி வால்' ஆல்பத்தின் பதிவு நடந்தபோது ரைட்டைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். அதற்கான மேடை நிகழ்ச்சிகளில் சம்பளம் வாங்கும் கலைஞராக வாசித்தார். 1983-இல் வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் அவர் இல்லவே இல்லை. 'அஸ் அண்ட் தெம்' பாட்டுக்கு இசை போட்டவர், 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டின் பியானோவைத் தந்தவர், தன் குழுவிலேயே கூலிக்கு வாசித்தார். 'விஷ் யூ வேர் ஹியர்' வந்த 1975-க்குப் பிறகு எந்த பிங்க் ஃபிளாய்ட் பாடலிலும் அவர் பெயர் எழுதியவராக வரவில்லை.

1994-இல் ஐந்து பாடல்களில் வந்தது.

அவற்றில் முதல் பாடல், 'கிளஸ்டர் ஒன்', ஆல்பத்தையும் தொடங்கி வைக்கிறது. ஏறத்தாழ ஆறு நிமிடம், குரலே கிடையாது. கரகரவென்று ஒரு இரைச்சல், அப்புறம் நீண்டு எழும் ஒரு நாதம், அப்புறம் பியானோ ஒரு சின்ன வாக்கியம் பேச, கிட்டார் பதில் சொல்கிறது. "ஒன்றுமே நடக்கவில்லை" என்று இதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு நண்பரோடு பல வருடம் பேசாமலிருந்து, திரும்ப முதல் முறை பேசும்போது எவ்வளவு கவனமாகச் சொற்களைத் தேர்ந்தெடுப்போம்? அந்தக் கவனம்தான் அந்தப் பியானோவில் கேட்கிறது. பதிலுக்குக் கிட்டாரும் அவசரப்படுவதில்லை.

அடுத்தது 'வேரிங் தி இன்சைட் அவுட்'. இந்த ஆல்பத்தை மட்டம் தட்டுகிறவர்கள் இந்தப் பாட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ரைட் போட்ட மெட்டு, ஆண்டனி மூர் எழுதிய வரிகள். 1973-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் 'டைம்' பாட்டில் பாதி பாடிய அந்தக் குரல், 21 வருடம் கழித்து ஒரு பிங்க் ஃபிளாய்ட் ஆல்பத்தில் திரும்பவும் முன்னால் வந்து பாடுகிறது. தொடக்கத்தில் வரும் சாக்ஸஃபோன் டிக் பாரியுடையது. 'அஸ் அண்ட் தெம்' பாட்டிலும் 'மணி' பாட்டிலும் வாசித்த அதே டிக் பாரி. தனக்குள்ளேயே சுருங்கி, பேச்சே மறந்துபோன ஒருவன் மெல்ல மெல்ல வெளியே வருவதுதான் பாட்டின் பொருள். ரைட் அதைக் குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்டத் தயங்கித் தயங்கிப் பாடுகிறார். கில்மோர் பாதியில் சேர்ந்துகொள்கிறார். வரிகளை எழுதியவர் வேறொருவர்தான். ஆனாலும் அந்தக் குரலில் கேட்கும்போது அது வேறு யாருடைய கதையாகவும் இருக்க முடியாது என்று தோன்றும்.

ரைட் 2008 செப்டம்பரில் இறந்துபோனார். 1993 பதிவுகளில் மிச்சமிருந்தவற்றை எடுத்துத்தான் கில்மோரும் மேசனும் 2014-இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்தைச் செய்தார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து 'தி டிவிஷன் பெல்' கேட்டால், கிட்டாருக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு தனியாகக் காதில் விழத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் விழுந்தது. அதுவரை நானும் இதைக் கில்மோரின் ஆல்பம் என்றே நினைத்திருந்தேன்.

எல்லா வரியையும் வாட்டர்ஸுக்கு எழுதிய கடிதமாகப் படிப்பது

இந்தத் தவறைச் செய்வது மிகச் சுலபம். காரணம், சில பாடல்களில் அது உண்மையும்கூட. 'போல்ஸ் அபார்ட்' பாட்டின் முதல் பகுதி சிட் பாரெட்டையும் இரண்டாவது பகுதி வாட்டர்ஸையும் பார்த்துப் பேசுவதாக, வரிகளை எழுதியவர்களில் ஒருவரான போலி சாம்சனே சொல்லியிருக்கிறார். பாரெட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனநலம் குலைந்து 1968-இல் விலகியவர். 'லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்' பாட்டில் சமாதானம் பேசப் போனவன் கதவடைப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் 'எ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்' பாட்டில் சுவர் இடிகிறது என்றவுடன், அது 'தி வால்' மீதான குத்தல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாட்டர்ஸ் 1990-இல் பெர்லினில் 'தி வால்' நிகழ்ச்சியை நடத்தியதும் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. வாட்டர்ஸுக்கும் அவருடைய சுவருக்கும் இந்தப் பாட்டோடு சம்பந்தமில்லை என்று கில்மோர் மறுத்திருக்கிறார். பாட்டைக் கவனித்துக் கேட்டாலே அது தெரியும். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்த நாளின் கொண்டாட்டம், அதற்குப் பின்னால் கிழக்கு ஐரோப்பாவில் வந்த ஏமாற்றமும் இரத்தமும், இதுதான் அதன் பொருள். யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்த வருடங்களில் எழுதப்பட்ட பாட்டு. அதை இரண்டு இசைக்கலைஞர்களின் சொந்தச் சண்டையாகச் சுருக்கினால் பாட்டே கையை விட்டுப் போய்விடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, போலி சாம்சன் மேல் பாய்வது. அவர் எழுத்தாளர். பதினொரு பாடல்களில் ஏழின் வரிகளில் அவருக்குப் பங்கு உண்டு. "காதலியைக் கொண்டுவந்து எழுதவைத்தார்" என்ற ஏளனத்தை இன்னமும் கேட்கிறேன். (கில்மோரும் அவரும் 1994-இல் திருமணம் செய்துகொண்டார்கள்.) இந்த ஏளனம் ஒரு விமர்சனமே இல்லை. வரி பலவீனமாக இருந்தால் வரியைக் காட்டிப் பேசலாம். 'ஹை ஹோப்ஸ்' அவர் பங்களித்த பாட்டு. கேம்பிரிட்ஜ் பக்கத்து இளம்பருவத்தை நினைத்துப் பார்க்கும் அந்தப் பாட்டின் வரிகளுக்கு இணையாக கில்மோர் தனியாக எழுதியது எதுவும் எனக்கு நினைவில்லை. அதன் கடைசியில், பாரெட் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் நதி திரும்ப வந்து ஓடுகிறது. 1967-ஐயும் 1994-ஐயும் ஒரே சொற்றொடரில் தொட்டுவிடுகிறார்கள்.

பிடித்துப்போனதால் எல்லாவற்றையும் தாங்கிப்பிடிப்பது

இது நம் தரப்பின் தவறு. ஆல்பத்தை விரும்புகிறவர்கள், ஒரு குறை சொன்னாலும் பொறுக்காமல் சண்டைக்கு வருகிறோம். 'டேக் இட் பேக்' அந்தக் காலத்து வானொலியை மனதில் வைத்துச் செய்த பாட்டு மாதிரி ஒலிக்கிறது. வேறு எந்தப் பெரிய ராக் குழுவும் அதைப் பாடியிருக்கலாம். 'வாட் டு யூ வான்ட் ஃப்ரம் மி' குழுவின் பழைய 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் காலத்துக் கோபத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது, பாதி தூரம்தான் போகிறது. வாட்டர்ஸ் எழுதிய வரிகளில் இருந்த கூர்மை, அந்த ஆங்காரம், இங்கே இல்லை. அதை ஒப்புக்கொள்வதால் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதே அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு அளந்தால், இந்த ஆல்பம் செய்ய முயன்றதே கண்ணில் படாது. வாட்டர்ஸ் இதைக் குப்பை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவருக்கு அப்படிப் பேச அவருடைய காயம் இருந்தது. நமக்கு அந்தக் காயம் கிடையாது.

எண்களைக் கொண்டுவந்து வாதத்தை முடிக்கப் பார்ப்பதும் வேண்டாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆல்பம் முதல் இடம் பிடித்தது உண்மை. 'மரூன்ட்' கிராமி விருது வாங்கியதும் உண்மை. அந்தப் பாட்டின் பெருமை கில்மோர் காலால் ஒரு பெடலை அழுத்தி, கிட்டார் சுருதியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் இருக்கிறது. அங்கே அந்தக் கிட்டார் அழுவதைக் கேட்டவருக்குக் கோப்பையைக் காட்ட வேண்டியதில்லை.

எந்தப் பதிப்பைக் கேட்டோம் என்று பார்க்காமல் பேசுவது

1994-இல் வந்த எல்பி இசைத்தட்டு ஒரே தட்டுதான். சிடியில் 66 நிமிடம் ஓடும் ஆல்பத்தை அதில் திணிக்கப் பல பாடல்களை வெட்டினார்கள். முழு நீளத்தில் இசைத்தட்டு வந்தது 2014-இல்தான், இரண்டு தட்டுகளாக. பழைய எல்பியை வைத்துக்கொண்டு "பாட்டு சட்டென்று முடிந்துவிடுகிறது" என்று சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தட்டு என்பதை.

அட்டைப்படத்தில் வயலில் எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தலைகளும் கணினியில் வரைந்தவை அல்ல. அட்டைப்பட வடிவமைப்பாளர் ஸ்டார்ம் தோர்கர்சனின் யோசனைப்படி உண்மையிலேயே ஆளைவிட உயரமாகச் செய்து, இங்கிலாந்தின் ஈலி நகரத்துக்குப் பக்கத்து வயலில் நிறுத்திப் படமெடுத்தார்கள். தூரத்தில் ஈலி தேவாலயம் தெரியும். இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு முகம் நம்மைப் பார்க்கும்.

பெயரையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிவிஷன் பெல் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு உறுப்பினர்களைக் கூப்பிட அடிக்கும் மணி. மணி அடித்ததும் ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து நடக்க வேண்டும். 'ஹை ஹோப்ஸ்' வரிகளுக்குள் கிடந்த அந்தச் சொல்லை எடுத்துத் தலைப்பாக வைக்கச் சொன்னவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். மனிதர்கள் பேசிக்கொள்ள முடியாமல் போவதும், பேச முயல்வதும்தான் ஆல்பம் முழுக்க. 'கீப் டாக்கிங்' பாட்டில் பேச்சை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், இயந்திரக் குரலில், மனிதன் பேசக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் குரலை ஒரு தொலைபேசி நிறுவன விளம்பரத்திலிருந்து எடுத்தார்கள்.

அதனால் கடைசியாக ஒரு வேண்டுகோள். 'ஹை ஹோப்ஸ்' பாட்டில் கிட்டார் ஓய்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மணி தேய்ந்து மறையட்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு, ஒலியைக் கூட்டி வைத்திருந்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு, ஒரு தொலைபேசி உரையாடல் வரும். குழுவின் மேலாளர் ஸ்டீவ் ஓ'ரூர்க் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது போலி சாம்சனின் சின்ன மகன் சார்லி. ஓ'ரூர்க் பிரியமாக ஹலோ சொல்கிறார். பையன் போனை வைத்துவிடுகிறான்.