பரங்கிமலை ஏறுகிறவர்களுக்கு: நில அளவையின் தொடக்கப் புள்ளியைப் பார்க்கும் முறை

சென்னையின் பரங்கிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோமையார் ஆலயத்தைத் தரிசித்து, விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று நிலத்தை அடுத்தடுத்த முக்கோணங்களாகப் பிரித்து அளந்த, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது இந்த மலையடியில்தான். பின்னாளில் இமயத்தின் சிகரங்கள் வரை உயரம் கணக்கிட்ட அந்த வேலையின் முதல் கோடு, இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளம். அதை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் பார்க்க வேண்டியவை வேறாகிவிடும்.

புறநகர் ரயிலிலோ மெட்ரோவிலோ வந்து பரங்கிமலை நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மலையடிக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். வடக்கு அடிவாரத்தில் வளைவுகளுடன் ஒரு நுழைவாயில் இருக்கிறது. அதைக் கடந்தால் கல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் வண்டிப்பாதையில் மேலே போகலாம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஏறிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும், தூரப் பார்வையும் மங்கிவிடும். தெளிவாகத் தெரிவது மழை ஓய்ந்த மறுநாள். ஞாயிறு காலையிலும் டிசம்பர் 18 திருவிழா நாட்களிலும் கூட்டம் நெரியும் என்பதால், அளவையைப் பார்க்க வருகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. பூசை நடக்கும்போது ஆலயத்துக்குள் கேமராவோடு சுற்ற வேண்டாம். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோன் கூடாது. சுற்றிலும் ராணுவ நிலம் இருக்கிறது, அந்தப் பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

மேலே, இந்த அளவையைத் தொடங்கி நடத்திய வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. சிலை நிற்கும் இடமே அளவை தொடங்கிய இடம் என்று எண்ணி, அங்கேயே ஜிபிஎஸ் குறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது தவறு. முதல் கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள்; சங்கிலியைச் சமதளத்தில்தான் பிடித்துக்கொண்டு போக முடியும். மலை உச்சியிலிருந்து சரிவில் இறங்கி அளந்தால் கோடு வளைந்துவிடும். அடிக்கோடு எனப்படும் அந்த முதல் கோடு கீழே சமவெளியில் ஓடியது. மலை உச்சி, சுற்றுவட்டாரத்தைப் பார்த்துத் திசை பிடிக்க உதவும் இடம். ஆகவே சிலைக்கு வணக்கம் வைத்துவிட்டு, ஆலய வளாகத்தில் தெற்கே பார்க்க இடைவெளி கிடைக்கும் ஓரத்துக்குப் போங்கள். மரம் மறைத்தால் சுற்றி நடந்து தேடுங்கள்.

தெற்கே முகம் வைத்து நில்லுங்கள். விமான நிலையம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். நேர் எதிரே மடிப்பாக்கம், அதற்கு அப்பால் கட்டடங்கள் இல்லாமல் தாழ்வாகத் தெரிவது பள்ளிக்கரணை சதுப்பு. அதையும் தாண்டிப் பார்வையை நீட்டினால் பெரும்பாக்கம். இன்று அடுக்குமாடிகள்தான் கண்ணில் படும். குன்றைத் தனியாகப் பிரித்தறிய பைனாகுலர் வேண்டும், 8 மடங்கு பெரிதாக்குவது போதும். வரைபடச் செயலியில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு நேர்கோடு இழுத்துப் பாருங்கள், சுமார் 12 கிலோமீட்டர் காட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே திசையை வெளியில் தேடுவது எளிது.

அந்தத் தூரத்தை 100 அடி நீள எஃகுச் சங்கிலியால், சுமார் 400 தடவை எடுத்து வைத்து அளந்தார்கள். சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் தாங்கி, மட்டம் பார்த்து, பெட்டிக்குள் வெப்பமானி வைத்தார்கள். வெப்பமானி எதற்கு என்றால், சங்கிலி 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். 400 தடவைக்கு அது சுமார் 1.4 மீட்டர். சென்னை வெயிலில் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் முதல் கோடே பிசகிவிடும், அதன்மேல் கட்டும் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அந்தப் பிசகு போய்ச் சேரும். ஏப்ரல், மே வெயிலில் அந்தச் சமவெளியில் இதைச் செய்தார்கள் என்பதைப் படியேறிய களைப்போடு நினைத்துப் பார்த்தால் அருமை புரியும்.

இனி உங்கள் போனில் அளப்பது. திசைகாட்டியை இரும்புக் கைப்பிடி, வண்டி, காந்த மூடி போட்ட போன் உறை இவற்றுக்கு அருகில் வைத்தால் முள் விலகும். போனை எட்டு வடிவத்தில் சுழற்றிச் சீர்செய்த பிறகு, மூன்று தடவை பார்த்து நடுவானதை எடுங்கள். அப்போதும் சில டிகிரி பிழை இருக்கும். 12 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிழை என்பது சுமார் 210 மீட்டர் விலகல். லாம்டன் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைச் சுமந்து திரிந்ததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் அதைக் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு பிய்ந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது.

உயரம் பார்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். மலை சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர் என்பார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் சில ஜிபிஎஸ் செயலிகள் உச்சியில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜிபிஎஸ் அளப்பது கணித நீள்கோளத்திலிருந்து, அதாவது பூமியின் வடிவத்துக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் சற்றே தட்டையான கோளத்திலிருந்து. சென்னைப் பகுதியில் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. செயலி அமைப்பில் கடல் மட்டத்திலிருந்து உயரம் என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். திறந்த வெளியில் பத்து நிமிடம் போனை அசையாமல் வைத்துச் சராசரி எடுத்தால் எண் நிலைப்படும்.

பழைய நில அளவை வரைபடத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போனில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணித நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, போன் வேறு நீள்கோளத்தைப் பயன்படுத்துகிறது. மாற்றிக் கணக்கிட்ட பிறகே தேடுங்கள். எழுதும் முறையையும் கவனியுங்கள்: ஒரு விநாடி அட்சரேகை தரையில் சுமார் 31 மீட்டர், தசமத்தில் ஐந்தாம் இலக்கம் சுமார் 1.1 மீட்டர்.

எங்கேனும் அளவைக் கல், அதாவது அளந்த இடத்தைக் குறிக்க நட்ட கல், தென்பட்டால் மிதிக்கவோ, சுண்ணாம்பு பூசவோ, எழுத்து தெளியட்டும் என்று சுரண்டவோ கூடாது. கல் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அதன் பயன் போய்விடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நெருக்கமாக ஒரு படம், நான்கு திசைகளிலிருந்தும் சுற்றுப்புறத்தோடு நான்கு படங்கள், ஆயத்தொலைகள், தேதி. இவ்வளவு இருந்தால் அடுத்து வருகிறவர் அதே கல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.