பீர்க்கங்காய்த் தோல் பொடி கட்டியாகாமல் இருக்க – என் அனுபவம்

மாடித் தோட்டத்துப் பீர்க்கை ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு காய் தந்தது. தோலில் துவையல் அரைத்தேன். மூன்றாம் நாளே ஊசிப்போனது. சரி, பொடியாக்கலாம் என்று ஒரு நாள் மட்டும் காயவைத்து அரைத்தால், டப்பாவுக்குள் பச்சைக் கட்டி! ஈரம்தான் காரணம்.

அடுத்த முறை முற்றிய நரம்பைச் சீவி எறிந்துவிட்டு, தோலைப் பொடியாக நறுக்கி மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டேன். விரலால் நொறுக்கினால் சருகு மாதிரி சத்தம் வர வேண்டும். அப்புறம் எண்ணெய் விடாமல் வறுத்தேன். உளுந்து, மிளகாய் வற்றல், பெருங்காயம், கல்லுப்பு, கொஞ்சம் புளி. புளியையும் வறுக்க வேண்டும், அதிலும் ஈரம் உண்டே! எல்லாம் ஆறிய பிறகுதான் மிக்ஸி. இரண்டு மாதமாகியும் பொடி உதிரியாகவே இருக்கிறது.

நறுக்கும்போதே ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசந்தால் தோலும் வேண்டாம், காயும் வேண்டாம்.