உயர்தரத்தில் ஒரு பாடம் சறுக்கிய பின்னும் மருத்துவ பீடம்: திருகோணமலை மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியலில் ஏ, இரசாயனவியலில் பி, பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி) என்ற பெறுபேற்றோடு நின்ற நான், மீண்டும் பரீட்சைக்குத் தோற்றி மருத்துவ பீடத்துக்குத் தெரிவானேன். அந்த வழியை நம் மாவட்டத்துத் தம்பி தங்கைமாருக்காக இங்கே எழுதுகிறேன். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முறையைப் பாடசாலையிலேயே சொல்லித் தருவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: எது கணக்கில் வரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு சி எடுத்தவர்கள் அதை நினைத்து வருந்த வேண்டியதில்லை. உயர்தரத்துக்குள் நுழைவதற்குத்தான் அந்தப் பெறுபேறு தேவை; பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் (கணக்கு படி 2 இல்) அதற்கு இடமில்லை. ஒரே தடவையில் தோற்றிய மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே உங்களைத் தீர்மானிக்கிறது. சென்ற ஆண்டு உயிரியலில் பெற்ற ஏ சித்தியை இந்த ஆண்டுப் பௌதிகவியலோடு சேர்த்துக் காட்ட முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளாவது பெற வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் விடுகிற கெட்டிக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பட்டியலில் உள்ள மாவட்டம். ஆகவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை, அதாவது அங்கே அனுமதிக்குத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளியை, பார்த்து மனம் தளராதீர்கள். நம் மாவட்டத்துக்குரிய கடந்த சில ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளைத் தேடி எடுத்து மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

படி 2: உங்கள் எஸ் எங்கே நிற்கிறது?

இந்தப் படியில்தான் நான் நீண்ட நாள் தடுமாறி நின்றேன், ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெறுபேற்றுத் தாளில் பாடவாரியான புள்ளி வராது. தரமும், மொத்த இசட் புள்ளியும், மாவட்ட நிலையும், தீவு நிலையும் மட்டுமே வரும். ஏ என்பது 75 முதல், பி 65 முதல், சி 55 முதல். ஆனால் எஸ் 35 இல் தொடங்கி 54 வரை நீளுகிறது. 36 எடுத்தவருக்கும் 53 எடுத்தவருக்கும் தாளில் தெரிவது ஒரே எழுத்துத்தான், ஆனால் அவர்கள் இருவரும் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. நீங்கள் இதுவரை பார்த்திராத ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து, முதலாம் பகுதிக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாம் பகுதிக்கு மூன்று மணித்தியாலம் என்று முழுமையாக எழுதி, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் திருத்துங்கள். இயன்றால் இன்னொருவரைக் கொண்டு திருத்துவியுங்கள். நம் விடையை நாமே திருத்தும்போது மனம் இளகிவிடும்.

இனிக் கணக்கு. ஒரு பாடத்தின் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் வருவது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். பௌதிகவியலின் நியம விலகல் 18 என்றால், 35 இலிருந்து 58 க்கு ஏறுபவரின் பாட இசட் புள்ளி ஏறத்தாழ 1.28 உயரும், மூன்றால் வகுத்தால் மொத்தத்தில் 0.43 கூடும். உயிரியலின் நியம விலகல் 17 என்றால், 78 ஐ 84 ஆக்குபவருக்கு மொத்தத்தில் 0.12 மட்டுமே கூடும். ஏற்கெனவே 78 எடுப்பவர் அந்த ஆறு புள்ளிகளுக்காகப் படும் பாடு சிறியதல்ல. விருப்பமான பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும் ஆசையை இந்தக் கணக்கு அடக்கிவிடும்.

படி 3: பலவீனமான பாடத்தைத் தூக்குவது

மூன்று பாடங்களிலும் 50 பல்தேர்வு வினாக்கள் மொத்தப் புள்ளியில் பாதியைத் தருகின்றன. பௌதிகவியலில் பின்தங்கியவர்கள் முதலில் அங்கே கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஆகவே பயிற்சியின்போதும் அதைத் தொடாதீர்கள். அமைப்புக்கட்டுரை வினாக்கள் நான்குக்கும் கட்டாயம் விடை எழுத வேண்டும் என்பதால் அவற்றில் ஒன்றையும் ஒதுக்க முடியாது. பரிசோதனை பற்றிய வினாவில் வரைபின் இரு அச்சுகளையும் பெயரிட்டு அலகோடு எழுதுவது, வேணியர் இடுக்கியின் பூச்சிய வழுவைத் திருத்திக் காட்டுவது போன்ற சின்னஞ்சிறு வரிகளுக்கு எங்கே புள்ளி விழுகிறது என்பதைத் திட்டத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

கருவிகளில் எனக்குத் தெளிவான விருப்பு உண்டு: தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல், திணைக்களத்தின் வினாத்தாள், புள்ளியிடும் திட்டம், தவறுகளை மட்டும் எழுதும் ஒரு கொப்பி. வட்சப் குழுக்களில் சுற்றும் மாதிரி வினாத்தாள்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றில் பல விடைகளே பிழையானவை. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ரியூசனுக்காக நகருக்கு வருபவர்களுக்குப் பஸ்ஸிலேயே பொழுது போய்விடுகிறது. பலமான பாடத்தின் வகுப்பை நிறுத்தி அந்த நேரத்தைப் பலவீனமான பாடத்துக்குக் கொடுப்பதே நல்லது. ஆனாலும் பலமான பாடத்தில் வாரம் ஒரு வினாத்தாளாவது செய்யாவிட்டால் அது கீழே இறங்கிவிடும்.

பின்னர் சேர்த்தது

சாம்பல்தீவிலிருந்து ஒரு தங்கை, உயர்தரத்தை யாழ்ப்பாணப் பாடசாலையில் படித்தால் எந்த மாவட்டத்தில் போட்டியிடுவது என்று கேட்டிருந்தார். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பது இதில் முக்கியமானது. இடையில் மாவட்டம் மாறியவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை எழுத்தெழுத்தாக வாசித்து, பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

படி 4: விருப்பொழுங்கு

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் வேண்டிய கற்கைநெறிகளை விருப்ப வரிசையில் எழுதுவதே விருப்பொழுங்கு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. மருத்துவமே வேண்டும் என்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று மூன்றோடு நிறுத்தாமல், கிழக்கு, ரஜரட்ட, சப்ரகமுவ உட்பட எல்லா மருத்துவ பீடங்களையும் வரிசையாக இடுங்கள். வெட்டுப்புள்ளி பீடத்துக்குப் பீடம் மாறும். கடைசியாக வரும் பீடமும் அதே பட்டத்தைத்தான் தரும். அவற்றுக்குக் கீழே பல் மருத்துவத்தையும், கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவத்தையும், மனம் ஒப்பினால் மட்டும், எழுதுங்கள். வேண்டாத நெறி ஒன்றை இடத்தை நிரப்புவதற்காக எழுத வேண்டாம். இன்னொரு தடவை தோற்றும் எண்ணம் இருந்தால், கிடைத்த நெறிக்குப் பதிவுசெய்வதற்கு முன் கைநூலில் பதிவும் மீள்விண்ணப்பமும் பற்றிய விதிகளைப் பெற்றோருடன் அமர்ந்து வாசித்து, அதன் பின்னரே ஒப்பமிடுங்கள்.